வீட்டு வைஃபை: பெட்டிக்கு ஏற்ற இடமும் பழுது காணும் முறையும்

சென்ற ஆண்டு சித்திரையில், அரூரிலிருந்து தீர்த்தமலை செல்லும் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்து விவசாயி என்னைப் போனில் அழைத்தார். இரண்டரை ஏக்கரில் ஆறு மாத மரவள்ளி நிற்கிறது. "குருத்தெல்லாம் சுருண்டு கொத்தா நிக்குதுங்க ஐயா. இலைக்கு அடியில வெள்ளையா மாவு படிஞ்சிருக்குது. என்ன மருந்து அடிக்கலாம்?" என்று கேட்டார். மருந்து எதுவும் அடிக்க வேண்டாம், முதலில் செடியைக் காட்டுங்கள் என்றேன்.

அப்படிச் சொன்னதற்குக் காரணம் உண்டு. நமது மரவள்ளியைத் தாக்கும் மாவுப்பூச்சிகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, 2008-ல் கோவைப் பகுதியில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி. மற்றொன்று, 2020-ல் கேரளத்தில் கண்டறியப்பட்டுப் பிறகு நமது மாநிலத்துக்கும் பரவிய மரவள்ளி மாவுப்பூச்சி. முதலாவது மஞ்சள் நிறம், இரண்டாவது இளஞ்சிவப்பு. ஒவ்வொன்றையும் அழிக்கத் தனித்தனி ஒட்டுண்ணிக் குளவி இருக்கிறது. மரவள்ளி மாவுப்பூச்சிக்கான குளவி ஆப்பிரிக்காவிலுள்ள பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022 மார்ச் மாதம் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் விடப்பட்டது. வந்திருப்பது எந்தப் பூச்சி என்று தெரியாமல் கண்ட மருந்தையும் அடித்தால், பூச்சிக்கு முன் குளவி சாகும்.

ஆகவே வீடியோவில் பார்த்துவிடலாம் என்று அழைத்தேன். வீட்டுக்குள் இருந்தவரை அவர் முகம் தெளிவாகத் தெரிந்தது. தொழுவத்தைத் தாண்டி வயலில் கால் வைத்ததும் படம் அப்படியே நின்றுவிட்டது. மூன்று முறை முயன்றோம். சரி, போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றேன். "வட்டமாச் சுத்திக்கிட்டே இருக்குதுங்க ஐயா, போக மாட்டேங்குது" என்றார். மூன்றாம் நாள் நான் நேரில் சென்றபோது, கடையில் கொடுத்த மருந்தை ஒரு ஏக்கருக்கு அடித்து முடித்திருந்தார்.

அவர் வீட்டில் இணையம் இல்லாமல் இல்லை. பைபர் இணைப்பு இருந்தது. முதலில் மாதம் ஐந்நூறு ரூபாய்க்குள் கட்டிவந்தவர், சிக்னல் சரியில்லை என்று புகார் செய்தபோது வேகம் கூடுதலான திட்டத்துக்கு மாறச் சொல்லியிருக்கிறார்கள். நான்கு மாதமாக ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்டி வந்தார். அப்படியும் தொழுவம் வரை எட்டவில்லை. எட்டாது. கோளாறு வேகத்தில் இல்லை, பெட்டி இருந்த இடத்தில் இருந்தது.

வேளாண்மை விரிவாக்கத்தில் இருக்கும் எனக்கு இது பாடமாகப் படித்த விஷயம் அல்ல. ஆனால் கடந்த சில ஆண்டுகளாக விவசாயிகள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பயிரைப் பற்றியவற்றுக்கு அடுத்தபடியாக இதுதான் இருக்கிறது. பொறியாளர்களைக் கேட்டும், என் வீட்டிலேயே பிரித்துப் பார்த்தும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

கிணறு வேறு, வாய்க்கால் வேறு

வீட்டுக்கு வரும் இணைய இணைப்பும் வீட்டுக்குள் இருக்கும் வைஃபையும் ஒன்றல்ல. பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக் குழம்புகிறார்கள். தெருக் கம்பத்திலிருந்து பைபர் கம்பி வழியே வீட்டுப் பெட்டிக்கு வருவது இணைப்பு. அந்தப் பெட்டியிலிருந்து உங்கள் போனுக்குக் காற்றில் வருவது வைஃபை. கிணற்றில் தண்ணீர் நிறைய இருந்தும் வாய்க்கால் வழியில் உறிஞ்சப்பட்டால் கடைமடைக்குப் பாயாது. அதற்காகக் கிணற்றை ஆழப்படுத்துகிறவர் உண்டா? வேகத் திட்டத்தை உயர்த்துவது அத்தகைய வேலைதான்.

எவ்வளவு வேகம் வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு வீடியோ அழைப்புக்கு வினாடிக்கு ஒன்று முதல் இரண்டு மெகாபிட் போதும். கண்காணிப்புக் கேமரா ஒன்றுக்கும் ஏறக்குறைய அவ்வளவே. நான்கு போன், ஒரு டி.வி. உள்ள வீட்டுக்கு 30 மெகாபிட் திட்டம் தாராளம். போட்டோ அனுப்பும் கணக்கில் ஒரு நுணுக்கம் உண்டு. போட்டோவின் அளவு மெகாபைட்டில் சொல்லப்படுகிறது, வேகம் மெகாபிட்டில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 4 மெகாபைட் போட்டோ என்பது 32 மெகாபிட். வினாடிக்கு 2 மெகாபிட் வேகம் கிடைத்தாலே 16 வினாடியில் போய்விடும். அரை மணி நேரம் வட்டம் சுற்றினால் அது வேகக் குறைவு அல்ல, வாய்க்கால் அறுந்திருக்கிறது என்று பொருள்.

பெட்டிக்கு ஏற்ற இடம்

நான் சென்ற வீட்டில் பெட்டி தெருப்பக்க அறையின் மூலையில், இரும்பு பீரோவுக்கும் டி.வி.க்கும் நடுவில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருந்தது. கம்பி அங்கே உள்ளே வந்ததால் இணைப்பு கொடுக்க வந்த பையன் அங்கேயே மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. ஒரு நாளைக்குப் பல வீடுகள் அவருக்கு. எங்கே வைக்க வேண்டும் என்று சொல்ல வேண்டியவர் வீட்டுக்காரர்தான்.

வைஃபை அலை வானொலி அலையைப் போன்றதே. பெட்டியைச் சுற்றி நாலாபக்கமும் பரவுகிறது. மூலையில் வைத்தால் பாதி அலை தெருவுக்குப் போகிறது. இரும்பும் தகரமும் அலையைத் திருப்பி அடிக்கும். பீரோ, குளிர்சாதனப் பெட்டி, நிலைக்கண்ணாடி, இரும்புக் கதவு, தகரக் கொட்டகை எல்லாம் இந்த வகை. தண்ணீர் அலையை உறிஞ்சும். நிரம்பிய தண்ணீர்த் தொட்டி குறுக்கே இருந்தால் அதற்குப் பின்னால் நிழல் விழும். ஈரம் ஏறிய மண்சுவரும் அப்படியே. கம்பி கட்டிய கான்கிரீட் தளம் பெருந்தடை. சீமை ஓடும் காய்ந்த ஓலையும் அலையை ஏறக்குறைய தடையில்லாமல் விட்டுவிடும். பழைய ஓட்டு வீட்டில் நன்றாக எடுத்த சிக்னல், அதை இடித்துத் தளம் போட்டுக் கட்டிய பிறகு எடுக்காமல் போவதன் காரணம் இதுவே.

ஆகவே பெட்டியை ஆள் உயரத்துக்கு மேல், திறந்த இடத்தில், எந்தப் பக்கம் அதிகம் தேவையோ அந்தப் பக்கத்துச் சுவரில் ஒரு பலகை அடித்து வைக்க வேண்டும். சன்னலோ கதவோ எதிரில் இருந்தால் மிகவும் நல்லது. பரணில் மூட்டைகளுக்கு நடுவில் வைக்கக் கூடாது. வெளித் திண்ணையில் வைப்பதானால் சாரல் படாமலும் வெயில் நேரே அடிக்காமலும் இருக்க வேண்டும். இரண்டு ஆண்டெனாக் குச்சிகள் இருந்தால் இரண்டையும் செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். அலை குச்சியின் பக்கவாட்டில்தான் பரவும், நுனியிலிருந்து அல்ல. குச்சியை வயலைப் பார்த்து நீட்டினால் வயலுக்குக் கிடைப்பது மிகக் குறைவு.

பைபர் கம்பியை இழுத்து இடம் மாற்றும்போது கவனம் வேண்டும். உள்ளே இருப்பது மயிரிழை போன்ற கண்ணாடி. அதில் செல்வது மின்சாரம் அல்ல, ஒளி. கூர்மையாக மடித்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். உபரிக் கம்பியை ஒரு சாண் அகலத்துக்கு வளையமாகச் சுற்றித் தொங்கவிடலாம். ஆணியில் மடக்கிக் கட்டக் கூடாது. முனையைக் கழற்றிக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதும் கூடாது. அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குக் கேடு செய்யலாம்.

இரண்டு அலைவரிசைகள்

இப்போது வரும் பெட்டிகள் பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் வேலை செய்கின்றன. போனில் ஒரே பெயர் இரண்டாகத் தெரிந்து, ஒன்றின் முடிவில் 5ஜி என்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது செல்போன் கம்பெனிகள் சொல்லும் 5ஜி அல்ல. முதலாவது வேகம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டித் தூரம் போகும். இரண்டாவது வேகம் அதிகம், சுவரைத் தாண்டினால் சீக்கிரம் வாடிவிடும். டி.வி.க்கு ஐந்து, தொழுவத்துக்கும் களத்துக்கும் இரண்டரைக்குச் சற்றுக் குறைந்தது என்று நினைவில் வைத்தால் போதும். இந்த அலைவரிசைகளை உபயோகிக்க நமக்கு உரிமம் தேவையில்லை. 2.4-க்கு 2005-லும், 5-ன் பெரும்பகுதிக்கு 2018-லும் மத்திய அரசு விலக்கு அளித்தது.

அதே சமயம், செல்போன் டவர் சிக்னலைப் பெருக்கித் தருவதாகச் சொல்லி விற்கப்படும் பூஸ்டர் பெட்டிகளை யாரும் வாங்கி மாட்ட வேண்டாம். அனுமதியின்றி அவற்றை மாட்டுவது சட்டப்படி குற்றம். ஊர் முழுவதற்கும் சிக்னலைக் கெடுக்கவும் செய்யும். வைஃபைப் பெட்டி வேறு, அது வேறு.

பழுது காணும் முறை

மஞ்சள் பயிரில் இலை மஞ்சளித்தால் கிழங்கு அழுகலாகவும் இருக்கலாம், இரும்புச் சத்துக் குறைவாகவும் இருக்கலாம். பிடுங்கிப் பார்க்காமல் மருந்து சொல்ல முடியாது. இங்கும் அதே நிலைதான். "நெட் வரவில்லை" என்பது ஒரே அறிகுறி, நோய் பல.

முதலில் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் நீங்கள் சோதிப்பது வைஃபையா, சிம் கார்டா என்றே தெரியாது. பிறகு பெட்டிக்கு இரண்டடி தூரத்தில் நின்று பாருங்கள். அங்கே நன்றாக வேலை செய்து, தள்ளிப் போனால் நின்றால் கோளாறு வைஃபையில். அதாவது வாய்க்காலில். கம்பெனிக்குப் போன் செய்து பயனில்லை. பெட்டி அருகிலேயே ஒரு போனில் வராமல் மற்றொன்றில் வந்தால் கோளாறு அந்த ஒரு போனில். அதில் வைஃபைப் பெயரை மறக்கச் செய்து, பாஸ்வேர்டை மறுபடி போட்டாலே பெரும்பாலும் சரியாகும். எந்தப் போனிலும் வராவிட்டால் விளக்குகளைப் பார்க்க வேண்டும்.

பைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். என்று ஒரு விளக்கு இருக்கும். அது சிவப்பாக மின்னினால் வெளியிலிருந்து ஒளி வரவில்லை. கம்பி அறுந்திருக்கிறது, அல்லது மடிந்திருக்கிறது, அல்லது எலி கடித்திருக்கிறது. நம் பக்கத்தில் கோபாலபுரம் சர்க்கரை ஆலை அரைவைக் காலத்தில் கரும்பு லோடு தாழ்வாகத் தொங்கும் கம்பியை இழுத்துக்கொண்டு போவதும் உண்டு. பெட்டியை நூறு முறை அணைத்துப் போட்டாலும் இது சரியாகாது. ஆளை வரவழைக்க வேண்டும். புகார் சொல்லும்போது "நெட் வரவில்லை" என்று சொல்லாமல் "எல்.ஓ.எஸ். சிவப்பு எரிகிறது, காலை இத்தனை மணியிலிருந்து" என்று சொல்லுங்கள். வருகிறவர் கம்பி ஒட்டும் கருவியுடன் வருவார். ஒரு நடை மிச்சம்.

பி.ஓ.என். விளக்கு பச்சையாக நிலைத்து எரிந்து, எல்.ஓ.எஸ். அணைந்திருந்தால் கம்பி நலம். அப்போது பெட்டியின் மின் இணைப்பை எடுத்துவிட்டு அரை நிமிடம் பொறுத்துப் போடுங்கள். முழுதாகக் கிளம்ப இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து மறுபடி அணைக்க வேண்டாம். அப்படியும் வராவிட்டால், மாதக் கட்டணம் கட்டியாயிற்றா என்று பார்த்துவிட்டுக் கம்பெனிக்குச் சொல்லுங்கள். பின்பக்கத்து ரீசெட் துவாரத்தில் ஊசியைக் குத்துவது மட்டும் வேண்டாம். கம்பெனி போட்ட அமைப்புகள் எல்லாம் அழிந்து, அவர்கள் ஆள் வரும் வரை சும்மா கிடக்கும்.

மாலை ஏழு மணிக்கு மேல் மட்டும் மந்தமாகிறது என்றால் இரண்டு காரணம் இருக்கலாம். தெரு முழுவதும் அந்நேரத்தில் ஒரே இணைப்பைப் பங்கிட்டுக்கொள்வது ஒன்று. மற்றொன்று, அடுத்தடுத்த வீட்டுப் பெட்டிகள் ஒரே சானலில் பேசி ஒன்றையொன்று இடைஞ்சல் செய்வது. அரூர் நகரத்தில் நெருக்கமான தெருக்களில் இது சகஜம். 2.4-ல் ஒன்றோடொன்று மோதாத சானல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. அக்கம்பக்கத்தார் எதில் இருக்கிறார்கள் என்று போனில் இலவசமாகக் கிடைக்கும் வைஃபை அளக்கும் செயலியில் பார்த்து, கூட்டம் குறைந்ததற்கு மாற்றிக்கொள்ளலாம். கல்லூரியில் படிக்கும் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார்கள்.

அதே செயலி சிக்னலின் பலத்தையும் எண்ணில் காட்டும். மைனஸ் 50 என்றால் மிக நல்லது. மைனஸ் 67 வரை வீடியோவுக்குப் போதும். மைனஸ் 80-ஐத் தாண்டினால் பெயருக்குத்தான் சிக்னல். மூன்று எண் இறங்கினால் பலம் பாதியாகக் குறைந்தது என்று கொள்ள வேண்டும். போனைக் கையில் பிடித்துப் பத்தடிக்கு ஒரு முறை நின்று குறித்துக்கொண்டே தொழுவம் வரை நடந்தால், எந்த இடத்தில் விழுகிறது என்று மண் பரிசோதனை அறிக்கை போலத் தெரிந்துவிடும். அந்த விவசாயி வீட்டில் நாங்கள் அப்படித்தான் நடந்தோம். பீரோ இருந்த அறையைத் தாண்டுவதற்குள்ளேயே எண் 75-க்குப் போய்விட்டது.

ஏன் போட்டோ மட்டும் போகவில்லை?

போனில் இரண்டு கோடு சிக்னல் தெரிந்தும் போட்டோ போகாததன் காரணத்தை அவர் கேட்டார். நல்ல கேள்வி. பெட்டிக்கு உரத்த குரல், போனுக்கு மெல்லிய குரல். தூரத்தில் நிற்கும்போது பெட்டி பேசுவது போனுக்குக் கேட்கிறது, போன் பேசுவது பெட்டிக்குக் கேட்பதில்லை. ஆகவே வருவது ஓரளவு வரும், அனுப்புவது நின்றுவிடும்.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. வீட்டு வைஃபை முற்றிலும் அறுந்தால்தான் பல போன்கள் மொபைல் டேட்டாவுக்கு மாறுகின்றன. வயல் ஓரத்தில் வைஃபை நூலிழையில் தொங்கிக்கொண்டிருக்கும். போன் அதை விடாது. நல்ல டவர் சிக்னல் இருந்தும் பயனில்லை. அவர் நின்ற இடத்தில் வைஃபையை அணைத்தோம். அதே போட்டோ பத்து வினாடிக்குள் போய்ச் சேர்ந்தது. மூன்று நாள் முன்பு இதை நான் போனிலேயே சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது தோன்றவில்லை.

தொழுவம், மோட்டார் அறை வரை கொண்டுபோக

தொழுவத்தில் கேமரா வைக்க விரும்புகிறவர்கள் இரண்டாவது பெட்டி ஒன்றை அங்கே வைக்கலாம். வீட்டுப் பெட்டியிலிருந்து லேன் கம்பி இழுப்பதே உறுதியான வழி. இது 100 மீட்டர் வரைதான் செல்லும். வெயில் தாங்கும் வெளிப்புறக் கம்பியாக வாங்கி, குழாய்க்குள் விட்டு இழுக்க வேண்டும். செப்புக் கம்பியாகையால் இடி நேரத்தில் இரு முனையையும் கழற்றிவிட வேண்டும். இரண்டாவது பெட்டியில் டி.எச்.சி.பி. என்ற அமைப்பை அணைத்துவிட வேண்டும். இது போன்களுக்கு எண் கொடுக்கும் வேலை. ஒரே வீட்டில் இரண்டு பெட்டிகள் தனித்தனியாக எண் கொடுத்தால் குழப்பம் வந்து, சிக்னல் முழுதாகக் காட்டியும் இணையம் வராது. பிளக்கில் செருகும் சிறிய ரிப்பீட்டர்கள் மலிவு. ஆனால் அவற்றைச் சிக்னல் செத்த இடத்தில் வைத்துப் பயனில்லை, சிக்னல் பாதியாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும். வேகமும் பாதியாகும்.

முன்னூறு நானூறு மீட்டர் தள்ளி மோட்டார் அறை இருந்தால், ஒன்றையொன்று பார்த்து நிற்கும் இரண்டு திசை ஆண்டெனாக்கள் வேண்டும். இதன் ஆற்றலுக்குத் தேனி ஓர் உதாரணம். அங்குள்ள அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுவட்டாரக் கண் பரிசோதனை மையங்களோடு, 2000-களின் நடுவில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக் கழக ஆராய்ச்சியாளர்கள் சாதாரண வைஃபைக் கருவிகளைக் கொண்டே இணைத்தார்கள். பல கிலோமீட்டர் தொலைவிலிருந்த நோயாளியிடம் டாக்டர் வீடியோவில் பேசினார். ஆனால் இரு முனைக்கும் நடுவே பார்வை மறையக் கூடாது என்பது நிபந்தனை. நமது பக்கத்தில் கோடையில் மாட்டிய இணைப்பு, தென்னங்கீற்று வளர்ந்தோ கரும்பு உயர்ந்தோ குறுக்கே வந்ததும் நின்றுபோகும். மழை ஈரம் பட்ட இலை இன்னும் மோசம். கம்பத்தின் உயரத்தை விளைந்த கரும்பை நினைத்து முடிவு செய்யுங்கள். போனில் இயக்கும் மோட்டார் ஸ்டார்ட்டர்களில் பல சிம் கார்டில் வேலை செய்பவை. அதற்காக மட்டும் என்றால் இந்தச் செலவு தேவையே இல்லை.

மின்சாரமும் இடியும்

தேனியில் அந்த ஆராய்ச்சியாளர்கள் கண்ட பழுதுகளில் பெரும்பகுதி வைஃபையால் வந்தவை அல்ல, மின்சாரத்தால் வந்தவை. வோல்டேஜ் ஏறி இறங்குவதில் அடாப்டர்களும் உள் பாகங்களும் கெட்டன. நமது கிராமங்களில் நான் பார்ப்பதும் அதுவே. பெட்டி தானாக அணைந்து அணைந்து எரிந்தால் முதலில் அடாப்டரைச் சந்தேகியுங்கள். பெரும்பாலானவை 12 வோல்ட். பெட்டியின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டும் பொருந்துவதாகவே மாற்று வாங்க வேண்டும். ரூட்டருக்கென்று வரும் சிறிய மினி யு.பி.எஸ். ஒன்றை மாட்டினால் மின்தடையில் சில மணி நேரம் ஓடும், அடாப்டரும் பிழைக்கும்.

சித்திரை, வைகாசி கோடையிடியிலும் ஐப்பசி மழையிலும் பிளக்கைப் பிடுங்கி வைப்பது தவிர வேறு பாதுகாப்பு கிடையாது. சுவிட்சை அணைப்பது போதாது. பைபர் கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது என்றாலும், சில கம்பிகளில் தாங்கலுக்காக இரும்பு இழை ஒன்று சேர்ந்து வரும். அந்த இழையை வீட்டுக்கு வெளியிலேயே நறுக்கி நிறுத்தியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

பாஸ்வேர்டு

வீட்டு வைஃபை பாஸ்வேர்டாகப் போன் நம்பரை வைப்பது நமது பக்கத்து வழக்கம். ஊருக்கே தெரிந்த எண் பாஸ்வேர்டு ஆகாது. உங்கள் இணைப்பில் யாரோ ஒருவர் தவறு செய்தால் முதலில் விசாரணை வருவது உங்கள் பெயருக்கு. பன்னிரண்டு எழுத்துக்குக் குறையாமல், உங்கள் வயலின் பெயரையும் பசுவின் பெயரையும் ஒரு எண்ணையும் சேர்த்துக்கூட வைக்கலாம். விருந்தினருக்கென்று கெஸ்ட் என்ற தனிப் பெயர் பெரும்பாலான பெட்டிகளில் உண்டு. அதைக் கொடுங்கள். பெட்டியை மாற்றியமைக்கும் அட்மின் பாஸ்வேர்டு வேறு. அதையும் மாற்றி, ரேஷன் கார்டு வைக்கும் இடத்தில் எழுதி வையுங்கள்.

அந்த விவசாயி வீட்டில் அன்று மாலையே பெட்டியைப் பின்கட்டுச் சுவரில், தொழுவத்தைப் பார்த்த சன்னலுக்கு மேல் மாற்றினோம். பன்னிரண்டு மீட்டர் உபரிக் கம்பி ஏற்கெனவே சுருட்டித் தொங்கியதால் செலவு ஒரு பலகையும் நான்கு ஆணியும். தொழுவத்தில் எண் 62 காட்டியது. அடுத்த மாதம் பழைய திட்டத்துக்கே திரும்பிவிட்டார். மரவள்ளியில் இருந்தது இளஞ்சிவப்புப் பூச்சிதான். மருந்து அடிக்காத ஒன்றரை ஏக்கரில் குளவியை விட்டோம். அடித்த ஒரு ஏக்கருக்கு மருந்தின் வேகம் தணியட்டும் என்று மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதாயிற்று.